குற்ற நாடகங்களில் வினாவும் விடையும்

கொலை, களவு, கடத்தல் என்பவற்றைப் பொருளாகக் கொண்டு சின்னத்திரையில் வரும் தொடர் நாடகங்களைத் தமிழ் கற்போர் ஏறெடுத்துப் பார்த்தலும் தகாதென்று கருதுவார் நம்முட் சிலர் உளர். அவற்றுட் பல பயனிலவென்பது நாமும் உடன்படுவதே. ஆயினும் இலக்கணம் பயின்ற ஒருவன் அவற்றைக் காணுங்கால் அவன் செவியிற் படுவதொன்று பிறர் செவியிற் படுவதில்லை. பிற நாடகங்களிலே மாந்தர் காதலிக்கலாம், பாடலாம், பொருது மடியலாம். குற்ற நாடகத்திலோ ஒருவன் கேட்கவேண்டும். மற்றொருவன் சொல்லவேண்டும், அல்லது சொல்லாது ஒளிக்கவேண்டும். துப்பாக்கியும் துரத்தலும் இடையிடையே வரினும், கதை ஓரடி முன்னேறுவது யாரோ ஒருவர் வாய் திறந்தபோதேயாம். ஆகவே அந்நாடகத்தின் உயிர்நிலை வினாவும் விடையும் என்பது எம் துணிபு. அதனை நம் இலக்கண நூல்கொண்டு அளந்து பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவையும் செப்பையும் பிழைபடாது காத்தல்வேண்டுமென்று தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே விதித்தார். பின்வந்த பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன ஆறு. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவதுகூறல், இனமொழி என்பன எட்டு. இவ்வெட்டனுள் முதல் மூன்றும் நேரே விடையாவன. எஞ்சிய ஐந்தும் சுற்றிவந்து விடைப்பொருளைத் தருவன. தேர்வுக்கு முதல்நாள் இரவு இப்பட்டியலை மனப்பாடஞ் செய்து, மறுநாள் மாலையே மறந்துவிடுவது நம் வகுப்பின் மரபு. ஆனால் ஒரு காவல் நிலையக் காட்சியை இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பாராயின், பவணந்தியார் இதற்கென்றே எழுதினாரோ என்று எவரும் ஐயுறுவர்.

காவல் ஆய்வாளர் ஒருவர் ஐயத்துக்குரியவனை நோக்கித் தேநீர் குடித்தாயா என்று கேட்கிறார். அது கொடைவினா. குடியாதவனாயின் வாங்கிக் கொடுப்பதே அதன் கருத்து. ஆனால் கொடுக்கப்படும் தேநீர்க்கு ஒரு விலை உண்டென்பதை இருவரும் அறிவர். சிறிது நேரங்கழித்து, உன் கூட்டாளியைப்பற்றிச் சொல்வதற்கு ஏதேனும் உண்டா என்கிறார். பயறு உண்டோ வணிகரே என்று நம் உரையாசிரியர்கள் காட்டும் கொளல்வினாவின் இனமே இது. அப்ரூவர் ஆக்குதற்குரிய பேரம் இங்கே தொடங்குகின்றது. இனி, அவர் எல்லாவற்றையும் முன்னரே அறிந்துகொண்டு ஒன்றும் அறியாதார் போல வினவுவது அறிவினா. ஆசிரியன் மாணாக்கனை வினாவுதல் அதற்கு நூலோர் தரும் எடுத்துக்காட்டு. ஆசிரியர்க்கும் காவலர்க்கும் பொதுவாயுள்ள இவ்வினா வகையைப்பற்றி இங்கே மேலும் பேசுதல் எமக்கு நன்றன்று.

நாம் அறிந்தவற்றுள் மிகப் பழையதொரு குற்ற விசாரணை விவிலியத்தின் ஆதியாகமத்திலே இருக்கின்றது. வயல்வெளியிலே தம்பியைக் கொன்றுவிட்டு நிற்கும் காயீனை நோக்கி, ஆபேல் எங்கே என்று கடவுள் வினாவுகிறார். அறியாமையால் எழுந்த வினாவன்று. முற்றும் அறிந்தவர் கேட்டது. காயீன் முதலில் அறியேன் என்று மறுத்துப் பின்னர், தம்பிக்கு நான் காவலாளியா என்ற பொருள்படத் திருப்பிக் கேட்கிறான். மறைவிடையும் வினாவெதிர் வினாதலும் ஒரே மூச்சில் வருகின்றன. பொய்யன் ஒரு விடையோடு நில்லான் என்பதைக் குற்றவியல் அறிஞர் ஒருவரும் பிறவாத காலத்திலேயே அக்கதை காட்டிவிட்டது. அவன் வெறுமனே அறியேன் என்று சொல்லி நின்றிருந்தால் அக்காட்சி நம் நினைவில் நின்றிராது. தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி செய்ததோ இதனினும் நுட்பமானது: குற்றவாளியைக் குற்றவாளி என்று அறிவியாமலே, ஒரு ஏழையின் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொல்லி, அவன் வாயினாலேயே தீர்ப்பை வாங்கிவிடுகிறார்.

நிற்க. தமிழ்ச் சின்னத்திரைக்கு வருவோம். இத்துறையில் முன்னோடியென்று பலரும் நினைவுகூர்வது சன் தொலைக்காட்சியில் வந்த "மர்மதேசம்" என்னும் தொடர் வரிசை. அவற்றுள் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய "விடாது கருப்பு" 1997-ஆம் ஆண்டையொட்டி ஒளிபரப்பாயிற்று. ஊரில் நிகழும் கொலைகளையெல்லாம் கருப்புசாமியே செய்ததாக ஊரார் பேசுகின்றனர். இங்கே வினாவப்படுவோன் மனிதனல்லன், தெய்வம். தெய்வத்தைக் கூண்டிலேற்றிக் கேட்டல் இயலாது. யார் செய்தார் என்னும் வினாவுக்குக் கருப்பு என்ற விடை ஊர்வாயில் ஆயத்தமாக இருக்கும்வரை எந்த மனிதனும் அகப்படான். இந்தத் தடையை வைத்தே அத்தொடர் பல மாதங்கள் நடந்தது. நம் தாய்மார் அக்காலத்தில் அதன் குதிரைக் குளம்பொலிக்கு அஞ்சி விளக்கை அணையாது உறங்கினதாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அண்மைக் காலத்தவற்றுள் நாம் விரிவாக நோக்க எடுத்துக்கொள்வது புஷ்கர்-காயத்ரி இணையர் ஆக்கி எழுதிய "சுழல்". இதன் முதற் பருவம் 2022-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் அமேசான் பிரைம் வீடியோவில் எட்டுப் பகுதிகளாக வெளிவந்தது. பிரம்மாவும் அனுசரணும் இயக்கினர். சாம்பலூர் என்னும் கற்பனை மலையூர். அங்கே மயானக் கொள்ளைத் திருவிழா. ஒரு சிமெண்டு ஆலை. அதன் தொழிலாளர் தலைவர் சண்முகமாகப் பார்த்திபன். ஊர்க் காவல் ஆய்வாளர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி. சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். ரெஜினாவின் மகன் அதிசயமும் காணாமற்போகிறான்.

இவ்விருவர் எதிரெதிர் நிற்கும் காட்சிகள் இலக்கணம் கற்போர்க்கு ஓர் விருந்து. ரெஜினா காவலராக நின்று சண்முகத்தை வினவும்போது அது அதிகாரத்தின் ஏவல்; ஆனால் அவளும் பிள்ளையைத் தேடும் தாய் என்று தெரிந்தபின் அதே வினா அறியாவினாவாகிவிடுகின்றது. சொல் மாறவில்லை, கேட்போளின் நிலை மாறிற்று, வினாவின் வகையும் மாறிற்று. சண்முகமோ வேலைநிறுத்தப் பந்தலிலே அவளுக்கு விடையிறுத்துப் பழகிய வாயினன். தந்தையாக விடை சொல்ல அவனுக்கு நேரமாகின்றது. இங்கே உரையாடலை எழுதியோர் இருவர் வாயிலும் நீண்ட சொற்பொழிவை இடவில்லை. நம் வெள்ளித்திரை மரபு அறிந்தவர்க்கு இது வியப்பூட்டும். 1952-ஆம் ஆண்டின் "பராசக்தி" தொட்டு நம்மவர் நீதிமன்றக் காட்சியென்றாலே அடுக்குத்தொடரையும் எதுகை மோனையையும் எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு அமர்வர். அதனை நாம் இகழ்கின்றிலேம். அந்நடைக்கும் ஓர் ஆற்றல் உண்டு. ஆனால் அது மன்றத்தை நோக்கிச் செய்யும் சொற்பொழிவு. பிள்ளையைக் காணாத இருவர் அவ்வாறு பேசார்.

அம்முதற் பருவத்தின் மெய்யான குற்றவாளி, சண்முகத்தின் உடன்பிறந்தானாகிய குணா. வீட்டிலே எல்லாரிடமும் இனிமையாகப் பேசுபவன். குமரவேல் என்னும் நாடகக் கலைஞர் அவ்வேடத்தை ஏற்றார். (இதனை வெளியிட்டுவிட்டோமென்று பாராத நண்பர் வைதல் வேண்டா, இரண்டாம் பருவம் இதன்மேல்தான் தொடங்குகின்றது.) அவன் சிறு பெண்களுக்குத் தீங்கிழைத்தவன். நிலாவுக்கு முன்னரே மூத்த மகள் நந்தினியும் தன் குழந்தைப் பருவத்தில் அத்தீங்குக்கு ஆளானவள். ஐசுவரியா ராஜேஷ் நடித்த அந்த நந்தினி, வீட்டை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் விலகி வாழ்ந்தவள். ஏன் விலகினாள் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டவர்க்கும் அவள் உரைக்கவில்லை.

பவணந்தியாரின் எட்டு விடையுள் மௌனத்துக்கு இடமில்லை. அது குறையென்று சொல்ல நாம் துணியோம். சொல்லின் இலக்கணம் சொன்னவர் சொல்லாமையின் இலக்கணத்தை ஏன் சொல்லவேண்டும்? ஆனால் குற்ற நாடகத்துக்கு அது ஒன்பதாம் விடையாக வேண்டியிருக்கின்றது. சக்கரை என்னும் உதவி ஆய்வாளன், கதிர் நடித்தது, நந்தினியை வினவும் காட்சிகளில் அவள் உற்றதுரைத்தல் போலத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். முதன்முறை பார்ப்போர் அதனைத் தங்கையை இழந்த துயரென்று கொள்வர். முடிவை அறிந்து இரண்டாம் முறை பார்ப்போர்க்கு அவ்விடைவெளிகளே பேசுகின்றன. ஒருமுறை பார்த்து எறிந்துவிடும் நாடகத்துக்கும் மீண்டும் பார்க்கத் தக்க நாடகத்துக்கும் இதுவே வேறுபாடென்று எமக்குத் தோன்றுகின்றது.

மெய்யுலகில் இம்மௌனத்தைச் சட்டமும் ஓரளவு அறிந்துகொண்டது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பெறவேண்டுமென்றும், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே பெறவேண்டுமென்றும், அவர் காக்கியுடை அணிந்திருத்தலாகாதென்றும் 24-ஆம் பிரிவில் விதிக்கின்றது. உடையும் ஒரு வினாவே என்பதைச் சட்டம் எழுதினோர் உணர்ந்திருக்கின்றனர். குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் அதனைத் தெரிவித்தல் கடமையென்று 19-ஆம் பிரிவு சொல்லுகின்றது. நந்தினியின் வீட்டில் அறிந்தும் அறியாதார் போலிருப்போர் இருந்திருந்தால், அவரும் அப்பிரிவின்கீழ் வருவர்.

இனி, தமிழ்மொழிக்கே உரிய ஒரு கருவியைப்பற்றிச் சொல்லுதல் வேண்டும். நம் வினைமுற்று பாலையும் எண்ணையும் இடத்தையும் மரியாதையையும் ஒருங்கே காட்டும். இதனால் தமிழில் ஒன்றை மறைத்துப் பேசுதல் அரிது. ஒரு பிணம் கிடந்தது என்று மட்டும் காவலர் சொல்லி நிறுத்துகிறார் என்று கொள்வோம். எதிரில் இருப்பவன், எப்போது செத்தாள் என்று கேட்டுவிடுகிறான். பிணம் பெண்ணென்று அவனுக்கு யார் சொன்னார்? அவன் நாக்கு ஆள் விகுதியைச் சேர்த்ததே அவனைக் காட்டிக்கொடுத்தது. அல்லது, முன்பின் அறியேன் என்று சாதித்த ஒருவனைப்பற்றிப் பேசும்போது அவர் என்று பன்மை கொடுத்துவிடுகிறான்; இன்னும், காணாமற்போனவன் என்று எல்லாரும் நம்பியிருக்கும்போது நல்லவனாக இருந்தான் என்று இறந்தகாலம் கூறிவிடுகிறான். நம் தொடர்களை எழுதுவோர் இக்கருவியைப் போதிய அளவு கையாளவில்லை என்பது எம் குறை. அயல்மொழித் தொடர்களைப் பார்த்து அவற்றின் உத்தியை எடுத்தாளுவோர், சொந்த மொழி கொடுக்கும் உத்தியைக் கைவிட்டுவிடுகின்றனர்.

மரியாதைச் சொல்லின் ஏற்ற இறக்கமும் அத்தகையதே. நம் நெல்லைச் சீமையிலே கடைக்கு வரும் காவலர் அண்ணாச்சி என்று அழைப்பார். அதே மனிதரை நிலையத்துக்கு அழைத்துச் சென்றபின் நீங்கள் என்பது நீ ஆகும். நீ என்பது ஏலே ஆகும். இம்மூன்று படிகளுக்கிடையே நிகழ்வதனைத்தும் விசாரணையே. வசனம் எழுதுவோன் அடிதடியைக் காட்டாமலே, விளிச்சொல்லை மாற்றியே அந்நிலையத்தில் நடப்பது இன்னதென்று உணர்த்திவிடலாம். 2022-இல் ஸீ5 தளத்தில் பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கத்தில் வந்த "விலங்கு" என்னும் தொடர் இவ்வகையிற் சற்று முன்னே நிற்கின்றது. திருச்சிப் பக்கத்து வேம்பூர் காவல் நிலையம்; விமல் நடித்த பரிதி என்னும் உதவி ஆய்வாளன். அங்கே கிச்சப்பா என்றொருவன். பணிவே உருவானவன், எல்லாரையும் ஐயா என்பவன். அவனே கொலைஞன் என்று வெளிப்படும்போதும் அப்பணிவு அவன் பேச்சினின்று நீங்குவதில்லை. ஐயா என்ற சொல் கேடயமாய் நிற்க, அதன் பின்னே அவன் நின்றுகொள்ளுகிறான். அத்தொடரின் பிற பகுதிகளை மறந்தோரும் அவனை மறவார்.

ஆனால் இங்கே ஒன்றை நாம் வெளிப்படையாகச் சொல்லியாகவேண்டும். நம் நாட்டுக் குற்ற நாடகங்களிற் பெரும்பாலான, அடி விழுந்தவுடன் உண்மை வெளிப்படுவதாகவே காட்டுகின்றன. காவலன் கையை ஓங்குகிறான்; திரை ஒருகணம் இருளுகின்றது; அடுத்த காட்சியில் குற்றவாளி ஒன்றுவிடாது ஒப்பிக்கின்றான். பார்ப்போர் கைதட்டுகின்றனர். சட்டமோ வேறு சொல்லுகின்றது. காவல் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலம் செய்தவனுக்கெதிராக மெய்ப்பிக்கப்படலாகாது என்பது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்து 25-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 23-ஆம் பிரிவும் அதுவே. குற்றநடுவர் முன்னிலையில், தன் விருப்பத்தால், எச்சரிக்கப்பட்டபின் சொல்லும் சொல்லே ஒப்புதலாகும். காவலரிடம் சொன்னதன் விளைவாகக் கத்தியோ நகையோ கண்டெடுக்கப்பட்டால், அக்கண்டெடுப்புக்கு உரிய பகுதி மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே திரையில் நாம் கைதட்டிய அந்த ஒப்புதல், மன்றத்துக்குச் சென்றால் காற்றில் போன சொல். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னே ஆங்கில ஆட்சியார் இவ்விதியை ஏன் வைத்தார்? தம் காவலர் எவ்வாறு விடை வாங்குவர் என்று அவர்க்கே தெரியும்.

மு. சந்திரகுமார் தம் பட்டறிவினின்று எழுதிய "லாக்கப்" என்னும் நாவலைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய "விசாரணை" 2016-இல் திரைக்கு வந்தது. அடிபட்டவர் செய்யாததையும் செய்தேன் என்பர் என்று அது காட்டியது. அதனைப் பார்த்துத் துயருற்றோர் பலர். பின்னும் சின்னத்திரை பழைய பாதையிலேயே நடந்தது.

2020-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், நம் திசையன்விளைக்கு வடக்கே அண்மையிலுள்ள சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேர விதியை மீறிக் கடை திறந்திருந்ததாக ஜெயராஜ் என்ற வணிகரும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஜூன் 22 இரவு மகனும், 23 காலை தந்தையும் கோவிற்பட்டியில் இறந்தனர். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை ஏற்றது, குற்றநடுவர் ஒருவர் நிலையத்துக்கே சென்று வினவினார், பின்னர் சி.பி.ஐ. புலனாய்ந்து காவலர் பலர்மீது கொலைக்குற்றம் சாட்டியது. அந்தக் குற்றநடுவர் முன்னே, அன்றிரவு பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் தாம் கண்டதைச் சொன்னார். உடன்பணிபுரிவோர் சூழ்ந்திருக்க, அதே கட்டடத்திலே அவர் வாய் திறந்தார். உற்றதுரைத்தல் என்ற விடைவகைக்கு நன்னூல் உரையிலே உடல் நொந்தது, கால் நொந்தது என்றெல்லாம் எளிய எடுத்துக்காட்டுக்கள் படிக்கின்றோம். இனி எமக்கு அச்சொல்லைக் கேட்டால் வேறொன்று நினைவுக்கு வரும். சாத்தான்குளம் வழியாகப் பேருந்தில் வந்துபோகும் நம் மாணவர் எவரும், திரையில் கையோங்கும் காட்சிக்குக் கைதட்டுமுன் ஒருகணம் தயங்குவரென்று நம்புகிறோம்.

இதுகாறும் திரையைப் பேசினோம். திரைக்கு முன்னரே நம் பக்கத்தில் குற்ற நாடகம் இருந்தது, இன்றும் இருக்கின்றது. திசையன்விளையைச் சூழ்ந்த தேரிமணல் ஊர்களிலே, பனைகளின் நடுவே, இசக்கிக்கும் சுடலைக்கும் கொடை நடக்குங்கால் வில்லுப்பாட்டு நிகழும். கால்டுவெல் ஐயர் வாழ்ந்த இடையன்குடியிலும், அந்தோணியார் கோயில் கொண்ட உவரியிலும் வாழும் கிறிஸ்தவரும் அப்பாட்டை அறிவர். ஒலிபெருக்கி மதம் பார்ப்பதில்லை. அங்கே பாடப்படும் கதைகளுள் நீலி கதை ஒன்று. கொலையுண்டவள் ஒருத்தி பழிவாங்குதற்குப் பேயாகி, மறுபிறப்பில் வணிகனாய் வந்த தன் கொலைஞனைத் தொடர்கிறாள். அவன் அஞ்சிப் பழையனூருக்குள் ஓடி ஊராரிடம் அடைக்கலம் புகுகிறான். அவளும் கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அதே மன்றத்துக்கு வருகிறாள். இவர் என் கணவர்; என்னையும் பிள்ளையையும் கைவிட்டார் என்பது அவள் வழக்கு. இவள் பெண்ணல்லள், பேய் என்பது அவன் மறுப்பு.

இம்மன்றக் காட்சிக்கு இணையானதொன்றைச் சின்னத்திரையில் நாம் இன்னும் கண்டிலேம். வணிகன் சொல்வது முழு உண்மை. ஆயினும் யாரும் நம்பத் தக்கதன்று. நீலி சொல்வது முழுப் பொய். ஆயினும் எந்த ஊரிலும் நடப்பது. குழந்தை அவனை அப்பா என்கிறது. வேளாளர் எழுபதின்மரும் அதனையே சான்றாகக் கொண்டு, அவனுக்கு ஒரு தீங்கு வந்தால் தம் உயிரைத் தருவதாக வாக்களித்து, அவனை அவளோடு அனுப்புகின்றனர். இரவிலே அவன் மாள்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் காத்துத் தீப்பாய்கின்றனர். நீலிக் கண்ணீர் என்னும் வழக்கு இதன்வழி வந்ததே. பெண் அழுதால் நம்பாதே என்று அக்கதையைப் பொருள் செய்வோர் உண்டு. அவர் கதையின் முற்பகுதியை மறந்தவராவர். அவள் முன்னொரு பிறப்பில் கொல்லப்பட்டவள். அந்தக் கொலைக்குச் சான்றில்லை, மன்றமில்லை, கேட்பாருமில்லை. மெய்யான வழக்கைத் தொடுக்க வழியில்லாதவள் பொய்யான வழக்கைத் தொடுக்கிறாள். மன்றமோ பொய்வழக்கை இரண்டு நாழிகையில் ஏற்றுக்கொள்ளுகின்றது!

இதனோடு சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை வைத்துப் பார்க்கவேண்டும். கண்ணகி வாயிலில் நிற்பதை அறிவிக்கும் காவலன் அவளைக் கொற்றவைக்கும் காளிக்கும் ஒப்பிட்டு அஞ்சுகிறான். பாண்டியன் நீ யார் என்கிறான், அது அறியாவினா. அவள் தன் ஊரும் கணவனும் பெயரும் சொல்லுகிறாள். கள்வனைக் கொல்லுதல் முறையே என்று அரசன் கூற, அவள் அறத்தைப்பற்றி வாதாடிக் கொண்டிராமல் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் மனைவியின் சிலம்பிலுள்ளது முத்து என்பதை அரசன் தன் வாயாலேயே சொல்லுகிறான். சிலம்பு உடைகின்றது. வழக்கு முடிகின்றது. நீலியின் மன்றத்தில் சான்றாக வந்தது குழந்தையின் சொல். கண்ணகியின் மன்றத்தில் வந்தது உடைத்துப் பார்க்கத் தக்க பொருள். கண்டெடுக்கப்பட்ட பொருளையன்றிச் சொல்லை நம்பாத இன்றைச் சட்டத்தை இளங்கோவடிகள் அறியார். ஆயினும் வழக்கை அதன்மேலேயே நிறுத்திவிட்டார்.

இனிச் சுழலின் இரண்டாம் பருவத்தைக் காண்போம். 2025 பிப்ரவரி 28-ஆம் நாள் வெளிவந்தது. பிரம்மாவும் சர்ஜுனும் இயக்கினர். களம் மலையினின்று கடற்கரைக்கு இறங்கிவிட்டது. காளிபட்டினம் என்ற கற்பனை ஊரில் அஷ்டகாளித் திருவிழா. வேடமணிந்த கூட்டமும் கடற்காற்றும் நம் குலசேகரன்பட்டினத் தசராவை நினையாதிருக்க விடா. குணாவைக் கொன்ற நந்தினி சிறையில் இருக்கிறாள். அவளுக்காக வாதிடும் வழக்கறிஞர் செல்லப்பா கொலையுண்டு கிடக்கிறார். எட்டு இளம்பெண்கள், தனித்தனியே, தாமே அவரைக் கொன்றதாக ஒப்புக்கொள்ளுகின்றனர்.

வழக்கமான குற்ற நாடகத்திலே எல்லாரும் மறுப்பர். மறைவிடைகளுக்கிடையே ஒரு நேர்விடையைத் தேடி எடுத்தல் காவலன் தொழில். இங்கே எட்டும் நேர்விடைகள். எட்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒரு பெண் ஆம் என்றால் அது விடை. எட்டுப் பேர் ஆம் என்றால் வினா தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றது. காவலர் அடித்துப் பெறவேண்டியது ஒன்றுமில்லை; அவர் விரும்பியதை அவர்கள் முன்னரே கொடுத்துவிட்டனர். இத்தகைய அமைப்பை நினைத்தவர்களைப் பாராட்டாதிருத்தல் இயலாது. சாலொமோன் முன்னே ஒரு பிள்ளைக்கு இரண்டு தாயர் வந்து நின்றனர். இங்கே ஒரு கொலைக்கு எட்டுக் கைகள். அங்கே வாளைக் கொண்டுவரச் சொன்னவுடன் மெய்த்தாய் விட்டுக்கொடுத்தாள். இங்கே எவளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏன் என்பதே அத்தொடரின் வினா. அதன் விடையை நாம் இங்கே அவிழ்க்கப்போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். வெளியே சக்கரை வினவிக்கொண்டே திரிகிறான். சிறைக்குள்ளே நந்தினி அப்பெண்களோடு உண்டும் உறங்கியும் இருக்கிறாள். முதற் பருவத்தில் யாரும் கேளாததனால் சொல்லாதிருந்தவள், இப்பருவத்தில் பிறர் சொல்லக் கேட்கும் இடத்தில் இருக்கிறாள். அவளுக்கு வினாவத் தெரியாது, இருக்கத் தெரியும். அச்சிறைக் காட்சிகளிலும் சில இடங்கள் மிகையாகி, இசை பேச்சை விழுங்கிவிடுகின்றது. முதற் பருவத்தின் இறுக்கம் இதில் இல்லை என்று சொல்வாரோடு நாமும் ஓரளவு உடன்படுவோம். ஆயினும் பேசாதவரைப் பேச வைப்பதற்கு எதிரில் இருப்பவர் யார் என்பதே முதன்மையென்று அக்காட்சிகள் காட்டுகின்றன.

வில்லுப்பாட்டிலும் எதிரில் இருப்பவர்க்குத் தனித்ததோர் இடம் உண்டு. தலைமைப் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்லும்போது, குடமும் உடுக்கையும் வைத்திருப்போரும் பக்கப்பாட்டுக்காரரும் ஆமா, ஆமா என்று ஏற்றுக்கொண்டே வருவர். இடையிடையே அப்படியா, அப்புறம் என்று கேட்பர். அவர் கேளாவிடின் கதை நகராது. நீலி மன்றத்தில் நின்று பொய் சொல்லும்போதும் அவர் ஆமா என்றே சொல்லுகின்றனர். வணிகன் உண்மை சொல்லும்போதும் ஆமா என்றே சொல்லுகின்றனர். அந்த ஆமா நன்னூலாரின் நேர்விடையோ, பொருளற்ற அசைநிலையோ என்று நம் விடுதியில் ஒரு வாதம் எழுந்தது. நேர்விடையாயின் அவர் இருபக்கத்துக்கும் சான்று கூறிய குற்றத்துக்கு ஆளாவர் என்கிறார் ஒரு நண்பர். அசையாயின் அவரில்லாமல் கதை ஏன் நின்றுவிடுகின்றது என்கிறார் மற்றொருவர். ஆசிரியரிடம் கேட்டோம். அவர், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எம்மையே திருப்பிக் கேட்டார்.